மூலை மழுங்கிய படிகங்கள்

நவம்பர் 3, 2025
இன்றும் அறுபது படங்கள். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மயிரளவு குழி. அதற்குள் ஒரு துணுக்கு உலோகம், மிச்சமெல்லாம் ஹைட்ரஜன். வைரங்களை இறுக்க இறுக்க வாயு உலோகத்துக்குள் புகுந்து வேறொரு பொருளாகிறது. அது படிகமாக வளர்கிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் தேய்கிறது. எங்கோ ஓர் ஆய்வகத்தில் எடுத்த படங்கள். முத்தையாபுரத்தில் நாங்கள் ஆறு பெண்கள் ஒவ்வொரு படிகத்தையும் சுற்றிக் கோடு வரைந்து, ‘வளர்கிறது’ அல்லது ‘தேய்கிறது’ என்று குறிக்கிறோம். கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கவாம். ஏசி அறை, ஜன்னல் திறக்கக் கூடாது.
ஆறு மணிக்கு அப்பாவின் பைக். பிறகு அவருடைய மளிகைக் கடை. பிறகு வீடு.

நவம்பர் 5
பதினொன்றாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் நின்றேன். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. எங்கள் சூப்பர்வைசர் எமில்டா அக்கா அப்பாவிடம் பேசித்தான் இந்த வேலை. ஏதாவது தப்பு என்று வந்தால் கடையோடு இருந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் பேச்சு.

நவம்பர் 8
கடைசி நூற்றிருபது படங்களில் ஏதோ சரியில்லை. வளரும் படிகத்துக்கு மூலைகள் வெட்டியதுபோல் கூராக இருக்கும். இவை பெரிதாகிக்கொண்டே போகின்றன, ஆனால் மூலைகள் மழுங்கியிருக்கின்றன.
கடையில் ஒரு பனங்கற்கண்டை வாயில் போட்டேன். கொஞ்சம் கழித்து எடுத்துப் பார்த்தேன். முதலில் மூலைதான் போயிருந்தது.
அப்படியென்றால் அவை வளரவில்லை, தேய்கின்றன. படங்கள் பின்னிருந்து முன்னாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு கட்டாக வந்ததை ஒன்றாக அடுக்கியது — எமில்டா அக்கா.

நவம்பர் 9
ஞாயிறு. நல்லவேளை.

நவம்பர் 10
சொல்லவில்லை. நாளைக்குப் படத்தையெல்லாம் லேபுக்கு அனுப்பிருவாங்க. சொன்னா அக்காவுக்குத் திட்டு, எல்லாருக்கும் திரும்ப வேலை, எனக்குக் கடை. சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே.

நவம்பர் 11
வாய் வரவில்லை. முழுக் கற்கண்டு ஒன்று, சப்பியது ஒன்று, தாளில் வைத்து அக்காவின் மேசையில் வைத்தேன்.
“ஏளா இசக்கி, எச்சிக் கற்கண்டையா எனக்குத் தார?”
திரையில் மூலையைத் தொட்டுக் காட்டினேன். அக்கா கற்கண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.
“வாயத் தொறந்து சொல்லுளா. மெயில்ல நான் என்னன்னு எழுத?”
“படமெல்லாம் தலைகீழா அடுக்கியிருக்குக்கா.”
என் குரல்தான்.

நவம்பர் 14
ஆறு பேரும் முதலிலிருந்து வரைகிறோம். இவள் வாயைத் திறந்ததே இதற்குத்தானா என்று பக்கத்து இருக்கை முத்துச்செல்வி கேட்டாள். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். தப்பு வந்து திரும்ப வரைவது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வரச் சொல்லிவிட்டார்.

நவம்பர் 17
கடை.

நவம்பர் 18
கடை. இங்கே ஜன்னலே இல்லை.

நவம்பர் 20
எமில்டா அக்கா கடைக்கு வந்து கால் கிலோ கற்கண்டு கேட்டார். பிறகு அப்பாவிடம், “அண்ணாச்சி, அடுத்த கட்டுப் படத்த இவ பாக்காம அனுப்பக் கூடாதுன்னு லேப்ல சொல்லிட்டாவ. புதுசா வார பிள்ளைகளுக்கும் இவதான் சொல்லிக் குடுக்கணும்.”
அப்பா தராசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இவ பேசவே மாட்டாளே.”
“அன்னைக்குப் பேசினாளே.”
அப்பா கற்கண்டை நிறுத்துப் பொட்டலம் கட்டினார்.

நவம்பர் 24
காலையில் படவேலைக்குத் திரும்பப் போகப் பைக்கில் ஏறும்போது அப்பா ஒரு பொட்டலம் நீட்டினார்.
புதிதாக இரண்டு பெண்கள். அவர்கள் முன் எழுந்து நின்றேன். பழையபடி குரல் வரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொரு கற்கண்டு கொடுத்தேன்.
“கடிக்காம வாயில வச்சிருங்க,” என்றேன்.
வாயில் கற்கண்டு இருந்ததால் இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் எனக்கு அடுத்த வாக்கியம் வந்துவிட்டது.