நாலாவது நிறுத்தம்

மார்ச் 1, சனி

எங்கள் சைக்கிள் சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு இன்று ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சைக்கிளைத் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டதாம். கிளம்பும்போது சொல்லியிருக்கலாம், பாலம் ஏறும்போது சொன்னார். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ரொட்டிக் கடை, பழச்சாறு, பாலத்தடி மீன், சூப், கடைசியில் காபி. எப்படியோ நேரத்துக்கு முடித்துவிட்டோம்.

நான் தலை, என் வீட்டுக்காரர் வால். முன்னால் போய் வழிகாட்டி, கடைக்குக் கடை நின்று பேசுகிறவர் தலை. யாரும் வழி தவறாமல் கடைசியில் வருகிறவர் வால். போன வருஷம் வரை இவர்தான் தலை. வாயே ஓயாது. நான் பின்னால், கழன்ற செயினை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வருவேன். அதுதான் எனக்கு வசதி.

இவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு சிகிச்சையில் கட்டி கரைந்தது, கூடவே விழுங்கும் சக்தியும் போய்விட்டது. வாய் வழியாக எது போனாலும் நுரையீரலில் இறங்கிவிடும், தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது வயிற்றில் ஒரு குழாய். டப்பா மாவைக் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, அதன் வழியாக விடுகிறேன். குரல் இருக்கிறது, காகிதத்தைக் கசக்குகிற மாதிரி. ஆறு பேருக்கு நடுவில் கேட்காது. அதனால் பேச்சு என் தலையில் விழுந்தது.

ஊருக்கெல்லாம் சாப்பாட்டுக் கடை காட்டுகிற மனிதருக்கு ஒரு வாய் சாப்பிட முடியாது. வீட்டில் இருங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? கேட்டால்தானே.

“இத்தனை நாள் தலையா இருந்தேன், இப்ப வால். எனக்கு ஏத்த வேலைதான்” என்கிறார்.

மார்ச் 3, திங்கள்

மழை. முழங்கால் வலி. துணி காயவில்லை.

மார்ச் 8, சனி

மீன் கடையில் உளறிவிட்டேன். எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பின்னாலிருந்து சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. அப்படியென்றால் தப்பு என்று அர்த்தம். மீன்காரர் சிரித்துவிட்டு அவரே சரியான பதிலைச் சொன்னார். இவர் குரலை நோய் கொண்டுபோனாலும் அந்த மணியை யாரும் பிடுங்க முடியாது போலிருக்கிறது.

வந்தவர்களில் ஒரு பெண், தன் தட்டை இவரிடம் நீட்டி, நீங்கள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். இவர் ஒட்டிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, உடம்பைக் குறைக்கிறேன் என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணில் தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மார்ச் 12, புதன்

இன்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

மாதக்கணக்காக நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் சாப்பிடுகிறேன். அவசர அவசரமாக, கரண்டி சத்தம் வராமல். வெங்காயம் வதக்கினால் மணம் வருமென்று வதக்குவதையே விட்டுவிட்டேன். இன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என் வாய் நிறையச் சோறு.

“நான் செத்துட்டேனா? எதுக்குத் திருட்டுத்தனமா திங்கற?”

தட்டை அவரே எடுத்துப்போய் மேசையில் வைத்தார். என்னை உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தார். எனக்கு இறங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் போய்விட்டது. மெதுவாகச் சாப்பிடு என்றார். காரம் போதுமா, காய் வெந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசியே எங்கள் பாதி ஆயுள் போனது. எப்போதிலிருந்து அது வீட்டில் கெட்ட வார்த்தை ஆனது?

மார்ச் 13, வியாழன்

வெங்காயம் வதக்கினேன்.

மார்ச் 22, சனி

சூப் அக்காவைப் பற்றி நான் எழுதினதே இல்லை. எங்கள் நாலாவது நிறுத்தம் அவள் கடைதான். கடை என்ன கடை, ஒரு பெரிய அண்டா, இரண்டு பெஞ்சு, மேலே தகரம். விடியும் முன்னே எலும்பைப் போட்டுக் கொதிக்கவிடுவாள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்னாலிருந்தே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். என்னைவிடப் பெரியவள், புருஷன் இல்லை, நாக்கு மட்டும் கத்தி. இவரை “தம்பி” என்பாள். இவர் நோயில் விழுந்த பிறகு அவள் பேச்சில் அந்தக் கத்தியைக் காணோம்.

நாங்கள் போய் நின்றதும் ஒரு ஸ்டூலை அண்டாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவாள். இவர் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆவி முகத்தில் அடிக்கும். வந்தவர்கள் குடித்து முடிக்கும் வரை அப்படியே இருப்பார். இன்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரைப் பார்த்தேன். என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோனது. மணியும் அடிக்கவில்லை.

மார்ச் 26, புதன்

மத்தியானம் கேட்டுவிட்டார். இந்த நாள் வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினார்.

“ஒரு வாய் குடு.”

“கூடாதுங்க. டாக்டர் சொன்னப்ப நீங்களும்தானே இருந்தீங்க.”

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

முடியாது என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினேன், அவருக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று. இவர் சண்டை போடவில்லை. “சரி, விடு” என்றார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

நான் செய்தது சரிதானே? சரிதான். ஒரு வாயில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கும்? எனக்கு இவர் வேண்டும். குழாயோடு, மணியோடு, எப்படியிருந்தாலும் வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்துப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. திட்டலாம் என்று வாசலில் நின்றேன். வந்தார் பாருங்கள், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வண்டியை நிறுத்திவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் பழைய பாட்டொன்றை முனகிக்கொண்டிருந்தார். இந்த வருஷத்தில் இவ்வளவு நல்ல நாள் வந்ததில்லை.

ஏப்ரல் 5, சனி

காய்ச்சல். இருமல் நிற்கவில்லை. கொழுந்தனார்தான் இன்றைய கூட்டத்தைக் கூட்டிப்போனார். எங்களுக்கு சைக்கிள் தருகிற பட்டறை அவருடையது. மூன்றாவது கடையைத் தாண்டிவிட்டு ரொட்டிக் கடை எங்கே என்று எனக்கு போன் செய்கிறார். இவரிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது. வாய் வழியாக ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சூப் அக்கா வந்தாள். வார்டுக்குள் வராமல் நடையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வியாழக்கிழமை வந்துச்சும்மா தம்பி. தனியா. ஒரு கரண்டி சூப் குடு அக்கான்னு கேட்டுச்சு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியல.”

அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். கையை உதறினேன். போயிடுங்க என்றேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தத் தெளிவு. அந்தப் பாட்டு. நான் என்னவோ நினைத்துச் சந்தோஷப்பட்டேனே.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, அக்காவை ஒன்றும் சொல்லாதே என்றார். போர்வையைச் சரிசெய்தேன். இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் போர்வையைத்தான் சரிசெய்தேன்.

ஏப்ரல் 16, புதன்

போய்விட்டார்.

மே 2, வெள்ளி

கொழுந்தனார் சூப் கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் கத்திவிட்டு வந்திருக்கிறார். என் அண்ணனைக் கொன்றவள் என்று சொன்னாராம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம், அடுப்பை அணைத்துவிட்டு நின்றாளாம். இதை என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். நான் தடுத்திருக்கலாம். போகப்போகிறார் என்று தெரியும். தடுக்கத் தோன்றவில்லை. சொன்னதைக் கேட்டபோது வயிறு குளிர்ந்தது, அதுதான் நிஜம்.

மாலையிலேயே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

மே 17, சனி

மறுபடி ஆரம்பித்தேன். ஐந்து பேர். வாலாகக் கொழுந்தனார். இப்போது நாலே நிறுத்தம். மீன் கடையிலிருந்து நேராகப் போகாமல் இடது பக்கம் திரும்பி, மருந்துக் கடைத் தெரு வழியாகக் காபிக்குப் போய்விடுகிறோம். சுற்றுவழி, மேடு வேறு.

என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. தப்பாகத்தான் பேசியிருப்பேன். யார் சொல்லப்போகிறார்கள்?

ஜூன் 14, சனி

இந்தப் பக்கம் நல்ல சூப் கடை இருக்கிறதாமே, போகலாமா என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். மூடிவிட்டார்கள் என்றேன். சொல்லிவிட்டு வேகமாக மிதித்தேன். பின்னால் வருகிறவர்கள் தவித்துப்போனார்கள்.

ஜூலை 10, வியாழன்

வீட்டில் மிச்சமிருந்த சிரிஞ்சு, மாவு டப்பா எல்லாவற்றையும் யாருக்காவது உதவட்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுக்கப் போனேன். டாக்டர் எதிரில் வந்தார். கேட்டுவிட்டேன். அந்த ஒரு கரண்டியால்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எச்சில் இறங்கினாலே போதும், எந்த நாளும் இது வந்திருக்கும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. எனக்கு ஏதாவது ஒரு பக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவள் கொன்றாள் என்று எனக்குக் கோபமா? அப்படியானால் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று கேட்டதும் கோபம் பாதியாவது குறைந்திருக்க வேண்டாமா? குறையவே இல்லையே.

இவர் முதலில் என்னிடம்தான் கேட்டார். நான் தொட்டியில் கொட்டினேன். அவள் கொடுத்தாள். வியாழக்கிழமை அந்த முகத்தோடு வீடு வந்தாரே, அது என் கையால் வந்ததில்லை. இதுதான் பொறுக்கவில்லை எனக்கு. இதை எழுதவே எத்தனை மாதம்.

ஜூலை 11, வெள்ளி

அவர் மறுபடி கேட்டால் என்ன செய்வேன்? மாட்டேன் என்றுதான் சொல்வேன். இன்றைக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

கூட்டம் எதுவும் இல்லாத நாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இடது பக்கம் திரும்பவில்லை.

பெஞ்சில் யாரும் இல்லை. சூப் அக்கா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இளைத்துப்போயிருந்தாள். உட்காரச் சொல்லவும் பயம் அவளுக்கு. நானே உட்கார்ந்தேன். கொழுந்தனார் பேசியது தப்பு என்றேன். அவருக்கும் கூடப்பிறந்தவர் போன வலி இருக்கும்தானே என்றாள்.

அப்புறம் கேட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. வந்தார், ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். கரண்டியில் வாங்கி, ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாராம். துப்பிவிடுவார் என்று அவள் கிண்ணத்தை நீட்டினாளாம். தலையை ஆட்டிவிட்டு விழுங்கினாராம். இருமினார், கண்ணில் தண்ணீர் வந்தது, இவள் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டாள்.

“ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

“உப்பு கம்மின்னுச்சும்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே போய் அழுகையானது என்று தெரியவில்லை. அவளும் அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கொஞ்சம் பொறுத்து எழுந்து போய் ஒரு கிண்ணம் ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். குடித்தேன். கடைசிச் சொட்டு வரை.

சனிக்கிழமை ஏழு பேரோடு வருகிறேன், கொழுந்தனாரும் வருவார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.