கம்பி சுற்ற டீச்சர் எதற்கு?

மாரிசெல்வி அப்பாவுக்கு,

தூங்குகிறீர்கள், எழுப்ப மனசில்லை. தங்கச்சியைப் பார்க்க சாத்தூர் போகிறேன். சோறு ஹாட்பாக்ஸில், புளிக்குழம்பு அடுப்பு மேல்.

நீங்கள் செய்கிற டெஸ்லா காயில் என்கிற கரண்டு மெஷினுக்குக் கம்பி சுற்ற எதிர்வீட்டு ஞானசுந்தரி டீச்சர் இன்று வருகிறாராமே. நேற்று நீங்கள் பேசியதெல்லாம் அடுப்படியில் கேட்டது.

“பிரைமரிக்குத் தடிச்ச கம்பி, பத்துச் சுத்து போதும் சார். செகண்டரிதான் மெல்லிசு, ஆயிரம் சுத்து வேணும்.”

“ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிடாதா டீச்சர்?”

“தொடாமலே பொறி பறக்கும் சார்!”

அதற்கு என்ன அப்படி ஒரு சிரிப்பு? நான் கேட்டால் மட்டும், “ஒனக்கு வெளங்காது, போ.”

கல்யாணமான நாளிலிருந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிய கை இது. கம்பி சுற்றுகிற பைப்பை ஒருவர் திருப்ப, ஒருவர் கம்பியைப் பிடிக்க வேண்டுமாம். திருப்ப என்னைக் கூப்பிட உங்களுக்கு வாய் வரவில்லை.

டீச்சர் வந்தால் காபி கொடுங்கள். முறுக்கு இரண்டு போதும்.

பி.கு: மெல்லிசுக் கம்பிச் சுருளைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. சாயங்காலம் வந்துவிடுவேன். பைப்பை நான் திருப்புகிறேன், கம்பியை நீங்கள் பிடியுங்கள். டீச்சர் வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றை எண்ணட்டும்.