ஆற்றில் எடுத்த ஓட்டு

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்,
திங்கட்கிழமை

அண்ணே,

நேற்றுப் படகில் வந்தவர்களில் நீ ஒருவன்தான் நனையவில்லை. எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

நம் மர ஆலையில் கூட்டம் போட்டால் வேலை போய்விடும் என்பதால்தான் பாட்டும் பிரியாணியுமாகக் காலாங் ஆற்றில் அந்தப் பயணம். ரம்பத்தில் விரல்களை இழந்த மருதப்பனை ஒன்றும் கொடுக்காமல் விரட்டியதற்கு வேலைநிறுத்தம் செய்யச் சம்மதிப்பவர்கள், பாலம் தாண்டியதும் தண்ணீரில் குதிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே காதோடு சொல்லியிருந்தோம். உனக்கு நானே சொன்னேன்.

முதலாளியிடம் கோள் சொல்லும் கங்காணியும் படகில் இருந்ததால், ஒருவரும் குதிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். முதலில் குதித்தது நீச்சலே தெரியாத சவரிராஜ், லாரி டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. பிறகு எல்லோரும் குதித்தார்கள். வெயில் தாங்காமல் கங்காணியும் குதித்தார்.

"கங்காணி ஓட்டும் நமக்குத்தான் லா," என்றான் சவரி. சிரித்ததில் அந்த நாற்றத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டேன். ராத்திரி, பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நீ கங்காணியின் சட்டையையும் கடிகாரத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடுத்த கங்காணி நீதான் என்று ஆலையில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணிக்கு இது எட்டாம் மாதம். அதுவும் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை எல்லோரும் ஆலை வாசலில் நிற்போம். நீ எங்களோடு நிற்பாயா, எங்களைத் தாண்டி உள்ளே போவாயா? நாளைக்குள் எனக்குப் பதில் சொல்.

உன் தம்பி