மருந்துக்கடையில் பிறந்த வதந்தி

என் செல்லத் தங்கச்சிக்கு,

நீ கேட்ட கர்ப்பம் பார்க்கும் கிட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கரு கலைந்தபின் மாதவிலக்கு கொஞ்ச நாளைக்கு முன்பின்னாகத்தான் வருமென்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். ஆனாலும் தள்ளிப்போனால் ஆசை வந்துவிடுகிறது. மாதவிலக்கு வந்தபிறகு நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிடுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கடைக்காரர் என் நரையைப் பார்த்தார். "யாருக்கும்மா?"

"ஏன், எனக்குத்தான்!"

என் வாய் சும்மா இருந்தால்தானே! இதைக் கொண்டுவரும் உன் அத்தானைப் பார்த்துச் சிரிக்காதே. "இந்த வயசுல என் மானத்த வாங்குறியேடி" என்று புலம்பிக்கொண்டே பின்வாசல் வழியாக வருகிறார்.

"விசேஷம் உண்டா?" என்று உன்னைத் துளைத்த தெரு, இப்போது என் தொப்பையைத்தான் பார்க்கிறது. நீ தைரியமாக வெளியே வா.

உன் வாயாடி அக்கா