முதல் பிடி அரிசி

முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஜெயப்ரியா காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் மாடசாமிக்கு அதன் பின்புறத்தில் எழுதினாள்.

"என்னங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. புள்ளைங்க பக்கத்து வீட்டு மஞ்சுளாக்காகிட்ட தூங்குதுங்க. இன்னிக்குப் புரட்டாசி சனிக்கிழமை, முட்டை வாங்கிட்டு வந்து நிக்காதீங்க.

ரெண்டு பேரையும் குளிக்க வெச்சு, நாமம் இட்டு, சொம்போட நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. 'கோவிந்தா'ன்னு கேட்டு வாங்கற அரிசியிலதான் சாயங்காலம் நான் பொங்கல் வெக்கணும். போன வாரம் மாதிரி நம்ம மூட்டையில அள்ளிப் போட்டுட்டு, பெருமாளே அனுப்பிட்டாருன்னு சொல்லாதீங்க. லக்ஷன் அதை ஸ்கூல் வேன் முழுக்கச் சொல்லிட்டான்."

'மூட்டை அரிசி வீட்ல இருக்க, எம் பிள்ளைங்க எதுக்குப் பிச்சை எடுக்கணும்?' என்று அந்தத் திருநெல்வேலிக்காரப் புருஷன் கேட்டது இன்னும் அவள் காதைக் குடைந்தது. பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

"மத்தூர்ல எங்கப்பா களத்துல நெல்லைக் குவிச்சு வெச்சுட்டுத்தான் சொம்பெடுத்துப் போவாரு. அவரு பிச்சைக்காரரா?"

மறுபடியும் ஹாரன். செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"மறந்துட்டேன். லக்ஷன் முதல்ல நம்ம வீட்டு வாசல்லதான் நின்னு 'கோவிந்தா'ன்னு கூப்பிடுவானாம். தூங்கிடாதீங்க. முதல் பிடி நீங்கதான் போடணுமாம். அப்பா கைதான் பெரிசாம்."