ஊசி தாண்டாத இடம்

டெல்பின் அப்பாவுக்கு,

இங்க அம்பிட்டியவுல விடாம மழை. கிறிஸ்மஸ் கேக்குக்குக் கஜுப் பருப்பு வெட்டியாச்சு.

நத்தாருக்குன்னு மக டெல்பின் ஒரு ஸ்பீக்கர் வாங்கித் தந்தா. உங்க இங்கிலீஷ் சோல் பாட்டெல்லாம் இப்ப அவ போன்லயே இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச அந்தம்மாவோட நத்தார் பாட்டைப் போட்டா. உங்க ரெக்கோட்ல கீறல் விழுந்த இடம் வந்ததும், ஊசி தாண்டுறதுக்கு நீங்க பலகைத் தரையில ஓங்கி மிதிக்கிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். பாட்டு தடங்கலில்லாமப் போயிருச்சு. எனக்குப் பிடிக்கல்ல.

அதனால இன்னைக்கு உங்க ரெக்கோட் பிளேயரை அலுமாரி மேலருந்து இறக்கினேன். அதே இடத்துல ஊசி மாட்டிக்கிச்சு. நானும் மூணு தரம் மிதிச்சேன். ஊசி தாண்டல்ல. நீங்க மிதிச்சா கோப்பையெல்லாம் ஆடும். அதுக்கு எத்தனை தரம் கத்தியிருப்பேன்!

ஆகஸ்ட்டுல நீங்க கிளம்பிப் போற அளவுக்கு நாம பேசினதைப் பத்தி எழுதப் போறதில்ல. உங்க தங்கச்சி உங்களுக்கு நல்லாத்தான் சமைச்சுப் போடுவாங்க. கடுகண்ணாவையில அவங்க வீட்டுலருந்து இங்க வர ரயில்ல ஒரு மணி நேரங்கூட ஆகாது. சும்மா சொன்னேன்.

இதை எழுதுறப்பவும் அந்தம்மா அரை வரியையே திருப்பித் திருப்பிப் பாடிக்கிட்டிருக்காங்க. ஊசியைக் கையால தூக்கி வைக்கலாம்.

நான் வைக்கல்ல.

மிதிச்சுக் கால் வலிக்கிற,
உங்க வீட்டுக்காரி