அச்சில் வராத வரிகள்

அக்கா,

இன்று மாலை ரயிலை விட்டு இறங்கி மீஞ்சூர் கடைத்தெரு வழியாக வந்தேன். சைக்கிள் கடையில் ஒரு ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரப்பர் வாசனை முகத்தில் அடித்ததும் நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் வேறு வேலை ஓடவில்லை. எழுத்துத் தெரியாத உனக்கு எழுதுவது வேடிக்கைதான். எப்போதும்போல நானே படித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்.

காலை ரயிலில்தான் நாம் பழகினோம். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் பட்டணம் போவேன். நீ பழவேற்காட்டு இறாலைக் கூடையில் வாங்கிக்கொண்டு அங்கே விற்கப் போவாய். உட்கார்ந்ததும் உன் முதல் கேள்வி, "இன்னா பாப்பா, ஆளு ஆப்ட்டானா?" பட்டணத்தில் நகை வியாபாரி ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடியவனைப் பற்றிப் பத்திரிகைகள் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கொலை, கொள்ளை, கள்ளநோட்டு, நீ எதையும் விடமாட்டாய். அவன் பிடிபட்டான் என்று நான் படித்த அன்று பெட்டியே கை தட்டியது. நீ மட்டும், "அவன் ஊட்லயும் ஒருத்தி சோறாக்கி வச்சிக்கினு குந்தினிருப்பா" என்றாய்.

மதுவிலக்கு வந்த பிறகு அந்த ரயிலில் சாராயமும் பயணம் செய்தது. சைக்கிள் ட்யூபில் அதை ஊற்றி, வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு சில பெண்கள் கர்ப்பிணிபோல ஏறுவார்கள். பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியபாளையத்தம்மனுக்குப் பல வருடம் வேண்டிக்கொண்ட பிறகு நீ நிஜமாகவே கர்ப்பமானாய். கருவாடு விற்கும் சின்னப்பொண்ணு சும்மா விடுவாளா?

"இன்னாடி, எத்தினி மாசம்? இல்ல, எத்தினி பாட்லு?"

"உள்ள கீறது ஒதைக்குதுடி. உன் சரக்கு ஒதைக்குமா?" என்றாய். நீ அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று பட்டணத்தில் இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் போலீஸ் நின்றிருந்தது. ட்யூப் கட்டியவர்கள் தூரத்திலேயே பார்த்து, மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். உனக்கு ஒளிய என்ன இருந்தது? கூடையோடு நேராகப் போனாய். ட்யூப் இருக்கிறதா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் லத்தியால் உன் வயிற்றில் குத்தினார்.

"ஐயோ, நெஜமாவே புள்ளத்தாச்சிங்க!" என்று சின்னப்பொண்ணு கத்தினாள்.

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்றார் அவர்.

நீ சுருண்டு விழுந்ததையும் நடிப்பு என்றார்கள். காவல் நிலையத்தில், சோதனை போட ஒரு பெண் வரும்வரை உன்னைப் பெஞ்சில் உட்கார்த்திவைத்தார்கள். அவள் வந்தபோது உன் புடவை நனைந்திருந்தது. சாராயத்தால் அல்ல.

மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது குழந்தை போய்விட்டிருந்தது. உனக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் இந்தப் பக்கம் புரண்டு, என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தாய்.

"நம்ம சேதி வந்துக்கீதா, பாப்பா?"

வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில்: கர்ப்பிணி வேடத்தில் சாராயம் கடத்திய பெண் கைது. உன்னிடம் எதுவும் இல்லை என்றோ, உன்னை விட்டுவிட்டார்கள் என்றோ அதில் இல்லை. பிறகும் வரவே இல்லை.

நான் படிக்கத் தயங்கியதிலேயே உனக்குப் புரிந்துவிட்டது. "வேஷம்னு போட்டுட்டானா?" என்றாய். "என் புள்ள பொய்யின்னு எழுதிட்டானா?"

நான் பத்திரிகையை விரித்தேன். "நேற்று தவறுதலாகப் பிடிக்கப்பட்ட பெண் உண்மையிலேயே தாய்மை அடைந்திருந்தார் என்பது தெரியவந்தது. அவர் ஒரு குற்றமும் செய்யாதவர்." கொலையையும் கொள்ளையையும் படிக்கும் அதே குரலில்தான் படித்தேன். அச்சில் இல்லாத அந்த வரிகளில் என் நாக்கு ஓர் இடத்திலும் இடறவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். "இன்னொரு தபா படி" என்றாய். அந்தக் காய்ச்சலிலேயே நீ போன அன்று காலையிலும் அதைத்தான் கேட்டாய். பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன்.

இப்போதும் ரயிலில் பத்திரிகை படிக்கிறேன், வாய்க்குள்ளேயே. எங்கோ யாரோ கைது என்று வரும்போது, அந்தச் செய்தி முடிகிற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. சோறாக்கி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. உன் வரிகள் மட்டும் எனக்கு மனப்பாடம், அக்கா. பத்திரிகை வேண்டியதில்லை.

இன்னொரு தபா படிக்கிறேன், கேள்.